குளியலறையில் மரமேடை: தண்ணீர் தங்கும் இடத்தைத் தேடுங்கள்

குளியலறையில் வாஷ்பேசினைத் தாங்கும் மேடைக்குக் கல்லோ டைலோ போடுவதுதான் பலருடைய முதல் யோசனை. அங்கே மரப்பலகை போடலாமா என்று கேட்டுப்பாருங்கள், இரண்டு பதில்கள் தயாராக வரும். "தண்ணீர் புழங்கும் இடத்தில் மரமா? சீக்கிரமே இற்றுப்போகும்" என்பது ஒன்று. "நல்ல வார்னிஷ் நான்கு முறை அடித்துவிட்டால் கவலையே இல்லை" என்பது இன்னொன்று. இரண்டையும் அப்படியே நம்ப வேண்டாம். தண்ணீர் பட்டதுமே மரம் கெட்டுவிடும் என்றால் மரக்கப்பல்கள் கடலில் பல்லாண்டு ஓடியிருக்க முடியாது. வார்னிஷ் மட்டுமே காப்பாற்றிவிடும் என்றால், பளபளவென்று பூச்சு பூசிய மேடைகள் குழாயடியில் மட்டும் கறுத்து நிற்பதற்குக் காரணம் சொல்ல முடியாது.

மரமேடை எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதைத் தீர்மானிப்பது, அதில் தண்ணீர் எங்கே தங்குகிறது, எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதுதான். தெறித்துக் காய்ந்துவிடும் தண்ணீரை மரம் தாங்கிக்கொள்ளும். இடுக்கில் புகுந்து வெளியேற வழியில்லாமல் நிற்கும் தண்ணீரைத் தாங்காது. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால், எந்த மரம், எந்த வாஷ்பேசின், எந்தப் பூச்சு என்ற கேள்விகளுக்கெல்லாம் நீங்களே விடை கண்டுபிடித்துவிடலாம்.

மரத்துக்குள் தண்ணீர் என்ன செய்கிறது?

மரத்தை ஒரு கெட்டியான பொருளாகவே நாம் நினைக்கிறோம். உண்மையில் அது கண்ணுக்குத் தெரியாத நீண்ட குழல்களால் ஆனது. மரம் உயிரோடு நின்றபோது வேரிலிருந்து இலைக்கு நீர் ஏறிய பாதைகள் அவை. அறுத்துப் பலகையாக்கிய பிறகும் அந்தப் பாதைகள் அங்கேயே இருக்கின்றன. ஏறிய தண்ணீர்தான் போய்விட்டது.

பச்சை மரத்தில் தண்ணீர் இரண்டு இடங்களில் இருக்கும். ஒன்று, குழல்களின் உள்வெளி. இன்னொன்று, குழல்களின் சுவர். மரம் காயும்போது முதலில் உள்வெளித் தண்ணீர் போகும். அதுவரை பலகையின் அளவு மாறாது. ஈரப்பதம் ஏறக்குறைய 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போது சுவரில் பிணைந்திருக்கும் தண்ணீர் வெளியேறத் தொடங்கும். மரம் சுருங்குவது அப்போதுதான். திரும்ப ஈரம் ஏறினால் சுவர் வீங்கும், பலகையும் விரியும்.

காய்ந்த மரம் தன்னைச் சுற்றியுள்ள காற்றின் ஈரத்துக்கு ஏற்பத் தன் ஈரத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். சாதாரண அறை வெப்பத்தில், காற்றின் ஈரப்பதம் 50 சதவீதமாக நீடித்தால் மரத்தின் ஈரம் 9 சதவீதத்தை ஒட்டி நிற்கும்; 80 சதவீதமாக நீடித்தால் 16 சதவீதத்தை எட்டும். 'நீடித்தால்' என்ற சொல் இங்கே முக்கியம். ஒரு குளியலின் நீராவி தடித்த பலகையின் உட்பகுதிவரை போய்விடாது. வாரக்கணக்கில் நிலவும் ஈரம்தான் பலகையை அசைக்கும்.

மரத்தை மக்கச் செய்யும் பூஞ்சைகள் வளர வேண்டுமானால் மரத்தின் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்ட வேண்டும். அவை செழிப்பதற்கு அதைவிடவும் அதிக ஈரம் தேவை. காற்றோட்டமுள்ள குளியலறையில் ஆவியால் மட்டும் ஒரு பலகை அந்த அளவைத் தொடுவது அரிது. ஆகவே ஆவிக்குப் பயந்து மரத்தைக் கைவிட வேண்டியதில்லை. ஆபத்து, நின்று ஊறும் தண்ணீரில் இருக்கிறது. பூஞ்சைக்கு ஈரத்தோடு காற்றும் வேண்டும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். வெனிஸ் நகரத்தின் கட்டடங்கள் நூற்றாண்டுகளாக மரக்கம்பங்கள்மேல் நிற்கின்றன. அந்தக் கம்பங்கள் நீரிலும் சேற்றிலும் முழுக்கப் புதைந்து காற்றில்லாமல் இருப்பதால் பூஞ்சை அவற்றை அண்டவில்லை. குழாயடி இடுக்கிலோ ஈரமும் உண்டு, காற்றும் உண்டு, கதகதப்பும் உண்டு. பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்?

பலகை எந்தத் திசையில் விரிகிறது?

மரம் தன் நீளவாக்கில் விரிவதே இல்லை என்று சொல்லிவிடலாம். அந்த மாற்றம் அவ்வளவு சிறியது. விரிவதும் சுருங்குவதும் அகலவாக்கில்தான். எவ்வளவு என்பது மரத்துக்கு மரம் மாறும். பச்சை நிலையிலிருந்து முற்றிலும் காயும்வரை தேக்கு ஆண்டு வளையத்தின் போக்கில் 5.8 சதவீதம் சுருங்கும். பீச் மரம் ஏறக்குறைய 12 சதவீதம் சுருங்கும்.

இதை ஒரு மேடைக்குப் பொருத்திப் பார்க்கலாம். முன்னிருந்து பின்னாக 50 சென்டிமீட்டர் அகலமுள்ள பலகை. மழைக்காலத்துக்கும் வறண்ட காலத்துக்கும் இடையே அதன் ஈரம் 4 சதவீதப் புள்ளிகள் மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். தேக்கானால் அகலம் சுமார் 4 மில்லிமீட்டர் கூடிக் குறையும். பீச் ஆனால் 8 மில்லிமீட்டர். இந்த அசைவைத் தடுக்கிற ஆற்றல் எந்தத் திருகாணிக்கும் கிடையாது. நான்கு பக்கமும் இறுக்கிக் கட்டினால் பலகை வெடிக்கும், அல்லது வளையும்.

பலகையை அறுத்த விதமும் இதில் பேசும். பலகையின் முனையைப் பாருங்கள். வளையக் கோடுகள் மேலிருந்து கீழாக நேராக நின்றால் அந்தப் பலகை குறைவாக அசையும். தேக்கில் அந்தத் திசைச் சுருக்கம் 2.5 சதவீதம்தான். கோடுகள் வில்லாக வளைந்து படுத்திருந்தால் அசைவு அதிகம், குழிந்து வளையும் குணமும் அதிகம். கடையில் பலகை தேர்ந்தெடுக்கும்போது முகத்தின் அழகைப் பார்த்து மயங்குவதற்கு முன் முனையை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எந்த மரம்?

முதலில் பார்க்க வேண்டியது வைரம் பாய்ந்த பகுதியா என்பதை. மரத்தின் நடுப்பகுதி முதிர்ந்து, பூச்சியையும் பூஞ்சையையும் எதிர்க்கும் வேதிப்பொருள்கள் சேர்ந்து நிறம் அடர்ந்திருக்கும். அதைச் சுற்றியுள்ள வெளிறிய வெளிமரத்தில் அந்தப் பாதுகாப்பு இல்லை. தேக்கே ஆனாலும் வெளிமரம் ஈரத்துக்கு ஆகாது. தேக்கு என்ற பெயருக்குக் காசு கொடுத்துவிட்டுப் பாதிப் பலகை வெளிறியிருந்தால், வாங்கியது பாதித் தேக்குதான்.

தேக்கின் வைரப்பகுதியில் இயற்கையான எண்ணெய்ப்பசை உண்டு, அசைவும் குறைவு. கப்பல் தளங்களுக்கு அதைத் தேர்ந்தெடுத்ததற்கு இவையெல்லாம் காரணம். அதே எண்ணெய்ப்பசைதான் பசையும் பூச்சும் சரியாகப் பிடிக்காமல் போகவும் காரணமாகிறது. ஒட்டுவதற்கும் பூசுவதற்கும் சற்று முன்பு அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்துவிடுவது இதற்கு வழி.

ஓக்கில் இரண்டு வகை உண்டு, இரண்டுக்கும் நடுவே பெரிய வேறுபாடும் உண்டு. வெள்ளை ஓக்கின் குழல்கள் மரத்துக்குள்ளேயே இயற்கையாக அடைபட்டிருக்கும். அதனால்தான் மதுப்பீப்பாய்களை அதில் செய்கிறார்கள். சிவப்பு ஓக்கின் குழல்கள் திறந்தே கிடக்கும். ஒரு சிறு சிவப்பு ஓக் குச்சியின் ஒரு முனையைத் தண்ணீரில் அமிழ்த்தி மறுமுனையில் ஊதினால் குமிழிகள் வரும். வாஷ்பேசின் அருகே எது வேண்டும் என்று இனி சொல்லவேண்டியதில்லை.

ஓக்கிலும் வால்நட்டிலும் டானின் என்ற துவர்ப்பொருள் இருக்கிறது. அதுவும் இரும்பும் தண்ணீரும் சேர்ந்தால் மையைப் போன்ற கருநீலக் கறை உண்டாகும். ஈர இரும்பு ஆணி, சவரக் களிம்பு டப்பாவின் துருப்பிடித்த அடி, இவை போதும். இந்த மரங்களுக்குத் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணியைத் தவிர வேறு எதையும் போடாதீர்கள்.

மேப்பிள், பீச், ரப்பர் மரம் ஆகியவை கெட்டியானவை, பார்க்கவும் அழகு, துண்டு துண்டாக ஒட்டிய பலகைகளாக எளிதில் கிடைக்கின்றன. ஈரத்தையும் பூஞ்சையையும் எதிர்க்கும் திறன்தான் அவற்றுக்கு மிகக் குறைவு. அவற்றைப் போடக்கூடாது என்பதில்லை. ஆனால் பூச்சில் ஒரு சிறு ஓட்டை விழுந்தால்கூடத் தேக்கு தரும் அவகாசத்தை அவை தரமாட்டா. விருந்தினர் எப்போதாவது கை கழுவும் இடத்துக்கு ஏற்கலாம். நான்கு பேர் காலையில் வரிசையாகப் பல் துலக்கும் இடத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஒட்டுப்பலகைகளில் மரம் மட்டுமல்ல, பசையும் தண்ணீரைத் தாங்க வேண்டும். மரப் பசைகளுக்கான இ.என். 204 என்ற ஐரோப்பியத் தரநிலையில் டி1 முதல் டி4 வரை நான்கு படிகள் உண்டு. குளியலறைக்கு டி3 குறைந்தபட்சம். டி4 கிடைத்தால் இன்னும் நல்லது. மரைன் பிளைவுட்மேல் மெல்லிய மரத்தோல் ஒட்டிய பலகை அகலவாக்கில் ஏறக்குறைய அசையாது என்பது அதன் பெரிய பலம். மரத்தோல் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரைவிட மெல்லியது என்பதால் பின்னாளில் இழைத்துப் புதுப்பிக்க வழியில்லை. மரைன் என்ற பெயரைக் கேட்டு அது மக்கவே மக்காது என்று எண்ணிவிடவும் கூடாது. அந்தப் பெயர் முதன்மையாகப் பசையின் உறுதியையும் உள்ளே வெற்றிடம் இல்லாத தரத்தையும் குறிக்கிறது. மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகையைப் பற்றி ஒரே வரி: விளிம்பில் தண்ணீர் புகுந்தால் ஊதிவிடும், திரும்பச் சுருங்காது.

குழாயடி

மேடையின் நடுப்பரப்பு கெடுவதை அரிதாகத்தான் பார்க்க முடியும். அங்கே சிந்தும் தண்ணீர் கண்ணுக்குத் தெரிகிறது, துடைக்கிறோம், அல்லது தானே காய்கிறது. கெடுவது எப்போதும் துளை போட்ட இடங்கள்தான்.

நடப்பது இது. சோப்புக் கையோடு குழாயை மூடுகிறீர்கள். கையிலிருந்து வழியும் தண்ணீர் குழாயின் தண்டு வழியாக இறங்கி, அடியில் உள்ள வட்டத் தகட்டைச் சுற்றி வளையமாக நிற்கிறது. தகட்டுக்கும் மரத்துக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருந்தாலே போதும், தண்ணீர் தானாகவே உள்ளே இழுக்கப்படும். மேலே துணியால் துடைத்தாலும் தகட்டுக்கு அடியில் போனது அங்கேயே இருக்கும். அது துளையின் விளிம்பைத் தொட்டு உள்சுவரில் இறங்குகிறது.

துளையின் உள்சுவரை உற்றுப் பாருங்கள். மேடையில் மரத்தின் ரேகை பொதுவாக இடமிருந்து வலமாக ஓடும். ஆகவே வட்டத் துளையின் முன்பக்கமும் பின்பக்கமும் குழல்களின் பக்கவாட்டைக் காட்டும். இடப்பக்கமும் வலப்பக்கமும் வெட்டுண்ட குழல்களின் திறந்த வாய்களைக் காட்டும். உறிஞ்சுகுழல் கட்டு ஒன்றைத் தண்ணீரில் நிறுத்தியது போல அந்த வாய்கள் தண்ணீரை இழுக்கும். பலகையின் முகத்தைவிட வெட்டுமுனை பல மடங்கு வேகமாக நீரை உறிஞ்சுவது இதனால்தான். குழாயடியில் கெட்ட மேடைகளில் கறுப்பு வட்டமாகப் பரவாமல், குழாயின் இருபுறமும் ரேகையோடு நீண்டு கிடப்பதற்கும் இதுவே காரணம். பூச்சு மேலே நன்றாகவே இருக்கும். அதற்கு அடியில் மரம் கறுத்திருக்கும்.

இந்தக் கோணத்திலிருந்து பார்த்தால் வாஷ்பேசின் தேர்வு எளிதாகிவிடும். மேடைக்குமேல் கிண்ணமாக உட்காரும் வாஷ்பேசினுக்கு ஒரே ஒரு வடிகால் துளை போதும். அதையும் வாஷ்பேசினே மூடிக்கொள்கிறது. மரத்துக்கு இதுதான் மிக நல்லது. பலகையில் பெரிய பள்ளம் வெட்டி, விளிம்பு மேலே படியும்படி இறக்கிவைக்கும் வகை அடுத்தது. வெட்டுமுகம் விளிம்புக்கு அடியில் மறைந்துவிடும், ஆனால் விளிம்பைச் சுற்றியுள்ள சிலிக்கோன் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பலகைக்கு அடியில் பொருத்தும் வகையில், வெட்டுமுகம் முழுவதும் வாஷ்பேசினுக்கு நேர் மேலே திறந்து கிடக்கிறது. ஒவ்வொரு முறை கை கழுவும்போதும் நனைகிறது. கல்மேடையில் அழகான ஏற்பாடு. மரத்தில் அதை வேண்டாம் என்றே சொல்வேன். எவ்வளவு திறமையான தச்சர் செய்தாலும் திறந்த வெட்டுமுகம் திறந்த வெட்டுமுகம்தான்.

குழாயைச் சுவரில் பொருத்திவிட்டால் குழாயடி என்ற பிரச்சினையே இல்லாமல் போகும். சுவரை உடைக்கும் வேலை நடக்கும் நேரத்திலேயே பிளம்பரிடம் சொல்லிவிட்டால் பெரிய கூடுதல் உழைப்பும் இல்லை. மரமேடை போட முடிவு செய்தவர்களுக்கு நான் தரும் முதல் யோசனை இதுவே. பூச்சைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான்.

குழாய் மேடையில்தான் வர வேண்டும் என்றால், துளையைத் தேவையைவிட ஓரிரு மில்லிமீட்டர் பெரிதாகப் போடுங்கள். உள்சுவரை உப்புத்தாளால் தேய்த்து, தூசி தட்டி, நீர்த்த எபாக்சியை (இரண்டு கலவைகள் சேர்ந்து இறுகும் பிசின்) தூரிகையால் பூசுங்கள். முதல் பூச்சை வெட்டுமுனை குடித்துவிடும். மீண்டும் பூசுங்கள். சுவர் கண்ணாடிபோல் மினுங்கி, மேலும் குடிக்காது என்று தெரியும்வரை நிறுத்த வேண்டாம். காய்ந்த பிறகும் உலோகத் தண்டு மரத்தைத் தொடாமல் துளையின் நடுவே நிற்க வேண்டும். தகட்டுக்கு அடியில் சிலிக்கோன் வைத்து இறுக்குங்கள். பிளம்பர்கள் வைக்கும் எண்ணெய் கலந்த புட்டி மரத்தில் கறை விடும், அதைத் தவிர்த்துவிடுங்கள். வினிகர் வாடை வரும் சிலிக்கோன் காயும்போது அமிலம் வெளியிட்டு உலோகத்தை அரிக்கும். வாடையில்லாத நடுநிலை வகையைக் கேட்டு வாங்குங்கள். மரப்பூச்சு எல்லாம் முடிந்து காய்ந்த பிறகே சிலிக்கோனை எடுக்க வேண்டும், ஏனென்றால் சிலிக்கோன் பட்ட இடத்தில் எந்தப் பூச்சும் பிடிக்காது.

பூச்சு

பூச்சுகளை இரண்டு குடும்பங்களாகப் பிரித்துப் பார்க்கலாம். மரத்தின்மேல் படலமாக நிற்பவை ஒன்று: பாலியூரித்தேன், வார்னிஷ், எபாக்சி. மரத்துக்குள் ஊறி இறுகுபவை மற்றொன்று: டங் எண்ணெய், எண்ணெயும் மெழுகும் கலந்த கெட்டி மெழுகெண்ணெய்.

படலம் தண்ணீரை நன்றாகத் தடுக்கும். அடிக்கடி கவனிக்க வேண்டியதில்லை. ஆனால் எங்காவது விரிசல் விட்டால் தண்ணீர் அடியில் புகுந்து, அதே படலத்தால் வெளியேற முடியாமல் சிறைப்படும். ஓரிடத்தில் மட்டும் திருத்தினால் திட்டாகத் தெரியும். முழு மேடையையும் தேய்த்துத்தான் பூச வேண்டியிருக்கும். எண்ணெய்ப் பூச்சு இதற்கு நேர் எதிர். காப்பு குறைவு, அடிக்கடி புதுப்பிக்க வேண்டும், ஆனால் கறைபட்ட இடத்தை மட்டும் தேய்த்து எண்ணெய் விட்டால் சுற்றியுள்ளதோடு கலந்துவிடும்.

குழந்தைகள் உள்ள, நாள் முழுவதும் புழங்குகிற குளியலறைக்கு இரண்டு கலவைகளைச் சேர்த்துப் பூசும் பாலியூரித்தேனை நான் தேர்வேன். ஒருவர் இருவர் மட்டும் புழங்கி, துடைக்கும் பழக்கமும் உள்ள இடத்துக்குக் கெட்டி மெழுகெண்ணெய் போதும்; மரத்தைத் தொடும்போது மரமாகவே இருக்கும். ஆளிவிதை எண்ணெயை மட்டும் நம்பி இறங்க வேண்டாம், தண்ணீரைத் தடுப்பதில் அது பலவீனமானது, பூசணமும் எளிதில் பிடிக்கும். அரக்கைச் சாராயத்தில் கரைத்துச் செய்யும் பிரெஞ்சு பாலிஷ் அறைக்கலன்களுக்கு அழகு, இங்கே ஆகாது: வாசனைத் திரவியம் ஒரு சொட்டு விழுந்தாலே கரையும். நகப்பூச்சு நீக்கியில் உள்ள அசிட்டோன், லேக்கர் என்ற படலப் பூச்சைக் கரைத்துவிடும். தலைமுடி நேராக்கும் கருவி 200 டிகிரி செல்சியஸை எட்டக்கூடியது. அதை மேடையில் அப்படியே வைத்தால் எந்தப் பூச்சும் பிழைக்காது. எபாக்சியைக் கெட்டியாக ஊற்றி மேடை முழுவதும் மூடுவதும் இப்போது பரவலாக நடக்கிறது. அது வெயில் பட்டால் மஞ்சளாகும், சூட்டில் இளகும், கீறல் பளிச்சென்று தெரியும். துளைகளின் உள்சுவருக்கு எபாக்சி, மேற்பரப்புக்கு வேறு என்பது என் கட்சி.

எதைப் பூசினாலும் ஒரு விதி மாறாது: மேல், கீழ், நான்கு விளிம்புகள் என ஆறு முகங்களுக்கும் பூசவேண்டும். கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தை விட்டுவிடுவது மிகப் பரவலான குறை. பூச்சு ஆவியை முற்றிலும் நிறுத்துவதில்லை, அதன் வேகத்தைக் குறைக்கிறது. மேலே வேகம் குறைந்து கீழே குறையாவிட்டால் ஒரு பக்கம் மட்டும் விரிந்து பலகை குழியும். அதுவும் அலமாரிக்குள் வடிகால் குழாய் இருப்பதால் கீழ்ப்பக்கத்து ஈரம் பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும்.

பூசுவதற்கு முன் 80, 120, 180 என்ற வரிசையில் உப்புத்தாள் போடுங்கள். கூரான விளிம்பில் படலம் மெலிந்துவிடும் என்பதால் எல்லா விளிம்புகளையும் 3 மில்லிமீட்டர் அளவுக்கு உருட்டிவிடுங்கள். நீரில் கரையும் பூச்சானால், முதலில் ஈரத்துணியால் துடைத்து எழும் நார்களைக் காயவிட்டு நயமான தாளால் தேய்த்துவிட்டால் மேற்பரப்பு சொரசொரக்காது. எண்ணெய் சார்ந்த பாலியூரித்தேன் சில மணி நேரத்தில் கைக்கு ஒட்டாமல் காய்ந்துவிடும். முழுதாக இறுகுவதற்குச் சுமார் 30 நாள் பிடிக்கும். அதுவரை ஈரப் பொருள்களை நிறுத்தி வைக்க வேண்டாம்.

எண்ணெய் துடைத்த துணிகளைப் பந்தாகச் சுருட்டிப் போடாதீர்கள். காயும் எண்ணெய் வெப்பத்தை வெளியிடுகிறது. மடிப்புக்குள் அது சேர்ந்து துணி தானாகவே தீப்பற்றக்கூடும். வெளியில் விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் நிரம்பிய உலோக டப்பாவில் மூடி வையுங்கள்.

பொருத்துதல்

பலகையை வாங்கியதும் அறுக்கத் தொடங்காமல், ஒன்றிரண்டு வாரம் அதே வீட்டுக் காற்றில், எல்லாப் பக்கமும் காற்றுப் படும்படி கட்டைகள்மேல் கிடத்திவைப்பது நல்லது. வரும் அசைவில் ஒரு பகுதி அப்போதே முடிந்துவிடும்.

அலமாரியோடு பசை போட்டு ஒட்டாதீர்கள். முன்பக்கத் திருகாணிகளைச் சாதாரணத் துளையில் இறுக்கிவிட்டு, பின்பக்கத் திருகாணிகளுக்கு முன்பின்னாக நீண்ட துளை போடுங்கள். பலகை விரியும்போது திருகாணி அந்த நீள்துளைக்குள் நகரும். பின்சுவருக்கும் பலகைக்கும் நடுவே மேலே பார்த்த அசைவுக்கு இடம் கொடுக்கும் அளவு இடைவெளி விட்டு, அதைச் சிலிக்கோனால் நிரப்புங்கள். சிமென்டால் நிரப்பினால் விரியும் மரம் அதை உடைக்கும், உடைந்த கீற்றில் தண்ணீர் இறங்கும். சுவரோரத்தில் ஒரு நிற்கும் பலகை அல்லது டைல் பட்டை இருந்தால் தெறிக்கும் நீர் அந்த இடுக்குக்கே வராது.

தச்சர்கள் சிலர் மட்டுமே செய்யும் ஒரு சிறு வேலையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். முன்விளிம்புக்கு ஓரிரு சென்டிமீட்டர் உள்ளே, பலகையின் அடியில், நீளவாக்கில் ஒரு மெல்லிய காடி வெட்டச் சொல்லுங்கள். விளிம்பில் வழியும் தண்ணீர் அடிப்பக்கத்தைப் பற்றிக்கொண்டு அலமாரியின் மூட்டுவரை ஊர்ந்து போகும் குணமுள்ளது. காடியைக் கண்டதும் அதைத் தாண்ட முடியாமல் கீழே சொட்டிவிடும். ஜன்னலின் கீழ்க்கட்டைகளுக்கு அடியில் இருப்பதும் இதே காடிதான்.

புழக்கத்தில்

தேங்கிய தண்ணீரைத் துடைப்பது, குளித்த பிறகு எக்சாஸ்ட் விசிறியை இருபது நிமிடமாவது ஓடவிடுவது, சோப்புப் புட்டிக்கு அடியில் ஒரு தட்டு வைப்பது, இவ்வளவுதான் அன்றாட வேலை. நனைந்த புட்டியின் அடிவளையம் ஒரு சிறு குளம் என்பதால் அந்தத் தட்டு வீணல்ல. சுத்தம் செய்ய மிதமான சோப்புநீர் போதும். பிளீச்சிங் திரவமும் சொரசொரப்பான தேய்ப்பான்களும் பூச்சைத் தின்றுவிடும்.

பூச்சு இன்னும் வேலை செய்கிறதா என்று அறிய மேடையில் சில துளிகள் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக உருண்டு நின்றால் நலம். பரந்து, அடியில் மரம் நிறம் மாறினால் எண்ணெய் விடும் நேரம் வந்துவிட்டது. இந்தச் சோதனையை நடுவில் செய்து என்ன பயன்? குழாயின் இடமும் வலமும் செய்யுங்கள்.

வெள்ளை வளையம் தெரிந்தால் பதற வேண்டாம், ஈரம் படலத்துக்குள் மட்டும் இருக்கிறது. பல நேரம் காய்ந்தால் மறையும். கறுப்பு வளையம் என்றால் தண்ணீர் மரத்தையே தொட்டுவிட்டது. அந்த இடத்தின் பூச்சை நீக்கி, ஆக்சாலிக் அமிலக் கரைசலைத் தடவினால் டானின் கறை வெளிறும். அது நச்சு, கையுறையும் கண்ணாடியும் அணியுங்கள், பிறகு தண்ணீரால் பலமுறை கழுவித் துடையுங்கள், எச்சம் போகும்வரை உப்புத்தாள் போட்டுத் தூசி கிளப்ப வேண்டாம். அமிலத்துக்கும் வெளிறாமல், கூரான கம்பியால் குத்தினால் மரம் மெத்தென்று உள்வாங்கினால், அது கறை அல்ல, மக்கல். குழாயைக் கழற்றி, மக்கிய பகுதியைத் திடமான மரம் தெரியும்வரை உளியால் எடுத்து, நன்றாகக் காயவிட்டு, அதே மரத்துண்டால் அடைத்து, துளையின் உள்சுவருக்கு மீண்டும் எபாக்சி பூச வேண்டும். தடித்த பலகை போட்டிருந்தால் இதற்கு இடமிருக்கும். அதனால் மேடைக்கு 3 சென்டிமீட்டருக்குக் குறையாத கனம் வாங்குவது நல்லது.